2020ல் வெட்டின 15 சதவீதத்தைத் திரும்ப வாங்க என்ன வழி? ஸ்ட்ரைக் நோட்டீஸா, லேபர் ஆபீஸா?

எர்ணாவூர்_ஏ_ஷிப்ட்

தோழர்களுக்கு வணக்கம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, பேர் வேண்டாம். ஃபோர்ஜிங், மெஷினிங், ஹீட் ட்ரீட்மென்ட் மூணும் உள்ளேயே. பர்மனென்ட் 420 பேர், கான்ட்ராக்ட் சுமார் 600. ரெண்டு சங்கம்: பெரியதில் 260 பேர், சின்னதில் 140. மீதி 20 பேர் எதிலும் இல்லை.

ஜூன் 2020ல் பெரிய சங்கம் நிர்வாகத்தோட நேரா பேசி ஒரு 18(1) ஒப்பந்தம் போட்டது. பேசிக்கிலும் பஞ்சப்படியிலும் 15 சதவீதம் குறைப்பு, பஞ்சப்படி அன்றைய புள்ளியோடு முடக்கம். எதுவரை என்கிற இடத்தில் "தொழில் நிலைமை சீரடையும் வரை" என்று இருக்கு. தேதி இல்லை. இப்போ ஆர்டர் நிரம்பி வழியுது, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. ஓடுது, வெட்டு மட்டும் அப்படியே நிக்குது.

இனி என்ன செய்யறதுன்னு உள்ளே மூணு கருத்து. உடனே ஸ்ட்ரைக் நோட்டீஸ். இல்லை, தேனாம்பேட்டை லேபர் ஆபீஸ் போய் மனு. அதுவும் இல்லை, அடுத்த சம்பள ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பேசலாம். ஒப்பந்தம், சட்டம் ரெண்டையும் கையாண்டவங்க வழி சொல்லுங்க.

கணக்கு_ராயபுரம்

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கிற தொகை சரியா இருக்கணும். பல இடத்தில் சறுக்குவது இங்கேதான்.

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 வாங்கினவர் இப்போ 22,100 வாங்கறார். 15 சதவீதம் போச்சு, ஆகவே 15 சதவீதம் உயர்வு கேட்போம் என்று கோரிக்கையில் எழுதினால் கிடைப்பது 25,415தான். 22,100ல் இருந்து 26,000 போக 17.65 சதவீதம் வேணும். சதவீதத்தையே எழுதாதீங்க. "மே 2020 சம்பளப் பட்டியலில் இருந்த பேசிக்" என்று எழுதுங்க. பட்டியல் நகலை இணைப்பாகச் சேருங்க.

அடுத்து கிராஜுவிட்டி. 24 வருஷ சர்வீஸ் போட்டவர் இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார்னு வைங்க. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கணும். 26,000க்கு 3,60,000 வரும். 22,100க்கு 3,06,000. வெட்டு நீடிக்கிறதால் ஒரே ஆளுக்கு 54,000 நிரந்தர இழப்பு. மாசச் சம்பளம் நாளைக்குத் திரும்பி வரலாம், வெளியே போனவர் கிராஜுவிட்டி திரும்பி வராது. வரிசையில் முதல் இடம் அடுத்த ரெண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு.

பி.எஃப். முழுச் சம்பளத்துக்குக் கட்டுகிற கம்பெனி என்றால், 3,900க்கு 12 சதவீதம் 468. நிர்வாகப் பங்கு மட்டும் மாசம் அவ்வளவு குறையுது, அதே அளவு உங்க பங்கும்.

"பேசிக்கைத் தொட வேண்டாம், 3,900ஐ ஸ்பெஷல் அலவன்ஸா தர்றோம்" என்று நிச்சயம் வருவாங்க. கையில் வரும் பணம் ஒண்ணுதானே என்று பாதிப் பேர் தலையாட்டுவாங்க. ஒத்துக்காதீங்க. புதிய சட்டத் தொகுப்பில் சம்பளக் கணக்கில் சேராதுன்னு விலக்கின படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் தாண்டின தொகை சம்பளமாகக் கணக்கில் வரும். 3,900ஐ விலக்குப் படின்னு காட்டிட்டா அது அந்தப் பாதிக்குள்ளே அடங்கிடும். கிராஜுவிட்டிக்கும் பி.எஃப்.க்கும் அந்தப் பணம் இல்லாத பணம்.

ஃபோர்ஜ்ஷாப்_சி_ஷிப்ட்

கணக்கெல்லாம் சரி அண்ணே. அஞ்சு வருஷத்துக்கு மேலே பொறுத்தாச்சு. ஆர்டர் உச்சத்தில் இருக்கிற இந்த மாசத்தில் மூணு நாள் ஃபோர்ஜிங் ஹேமர் நின்றால் நாலாவது நாள் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடுவான். பேப்பரைக் காட்டிக் காட்டியே சூட்டைத் தணிக்க வேண்டாம்.

பெரம்பூர்_பழைய_செயலாளர்

தம்பி, சூடு தணியக் கூடாது, சரிதான். ஆனால் அந்த 18(1)ஐ ரத்து செய்யாமல் வேலையை நிறுத்தினால் முதல் மணி நேரத்திலேயே அது சட்டவிரோத வேலைநிறுத்தம். ஒரு ஒப்பந்தம் அமலில் இருக்கும்போது, அது தொடும் விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 21.11.2025ல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பின் 62-வது பிரிவிலும் இருக்கிறது.

காலக்கெடு எழுதாத ஒப்பந்தம் ஆறு மாதம் கட்டுப்படுத்தும். அதற்குப் பிறகும் தானாகச் சாகாது. ஒரு தரப்பு எழுத்து மூலம் முடிவு நோட்டீஸ் கொடுத்து 60 நாள் போனால்தான் சாகும். இத்தனை வருஷமாக அந்த ஒரு பக்கக் கடிதத்தை யாரும் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. "நிலைமை சீரடையும் வரை" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு நிலைமை சீரடைந்ததா என்று வாதம் செய்து பயன் இல்லை. லாப நட்டக் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. கடிதம் கொடுங்கள், அந்த வரி ஒப்பந்தத்தோடு போய்விடும்.

இரண்டாவது, இதை விட முக்கியம். அது 18(1), 12(3) அல்ல. சமரச அலுவலர் முன் போடும் 12(3) எல்லாத் தொழிலாளியையும் கட்டும், நாளைக்குச் சேருகிறவனையும் கட்டும். வெளியே இருவரும் பேசிப் போட்டுக்கொள்ளும் 18(1) கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டும். அப்படியானால் சின்னச் சங்கத்தின் 140 பேருக்கும் சங்கத்தில் இல்லாத 20 பேருக்கும் எந்த அதிகாரத்தில் வெட்டினார்கள்? அவர்களுக்குச் சம்பளத்தைக் குறைக்கப் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவின் கீழ் 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டினார்களா, லேபர் ஆபீசுக்கு நகல் போனதா என்று தேடிப் பாருங்கள். போகவில்லை என்றால், அந்த 160 பேருக்கும் 2020க்கு முந்தைய ஒப்பந்தம்தான் இன்றைக்கும் சம்பளம். வித்தியாசம் முழுவதும் நிலுவை.

எர்ணாவூர்_ஏ_ஷிப்ட்

9ஏ நோட்டீஸ் எதுவும் ஒட்டலை. 2017 ஒப்பந்தம் 12(3)தான், பஞ்சப்படி ஃபார்முலா அதில் தெளிவா இருக்கு. 140 பேரில் முப்பது பேர் மாதிரி அப்போ தனித்தனியா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது பாதிக்குமா?

பெரம்பூர்_பழைய_செயலாளர்

பாதிக்கும், அந்த முப்பது பேர் கதையை நிர்வாகம் தனியாகப் பிரிக்கும். 12(3)ல் உள்ள உரிமையைத் தனிநபர் கையெழுத்து குறைக்க முடியாது என்று வாதிடலாம், ஆனாலும் முதல் மனுவில் அவர்களைக் கலக்காதீர்கள். கையெழுத்துப் போடாத 110 பேரும் எதிலும் இல்லாத 20 பேரும் முதல் மனு. மற்றவர்கள் இரண்டாவது மனு.

இது பழைய சட்டத்தின் 33சி(2) வகை மனு. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உள்ள உரிமையைக் கணக்குப் போட்டு வசூலிக்கத்தான் அது. "சம்பளத்தை உயர்த்து" என்று அதில் கேட்டால் முதல் நாளே தள்ளுபடி. ஆளுக்கு ஒரு அட்டவணை: மாதம், வரவேண்டியது, வந்தது, வித்தியாசம். சம்பளச் சீட்டு இல்லாத மாதங்களுக்கு பி.எஃப். பாஸ்புக்கை வைத்துப் பேசிக்கைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். இந்த வகை மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தாமதம் கூடக் கூட நீதிபதி கேள்வி கேட்பார், இந்த மாதமே போடுங்கள்.

சின்னச் சங்கம் இதைப் போட்டால் பெரிய சங்கத்துக்கு அவமானம் என்று நினைப்பார்கள். நினைக்கக் கூடாது. அந்த நிலுவைத் தொகைதான் பேச்சுவார்த்தை மேஜையில் 260 பேருக்கும் கிடைக்கப்போகும் பிடி.

மணலி_யூனிட்_2

ஸ்ட்ரைக் நோட்டீஸ் எப்போ கொடுக்கலாம், எத்தனை நாள் என்று யாராவது நாள் கணக்கில் சொல்லுங்க. முன்னாடி பொதுப் பயன்பாட்டுத் துறைக்கு மட்டும்தானே 14 நாள் நோட்டீஸ்?

வழக்கு_மன்றம்_வடசென்னை

இப்போ எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள். நாள் கணக்கில் பார்ப்போம்.

முடிவு நோட்டீஸ் நிர்வாகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளை முதல் நாள்னு வைங்க. பதிவுத் தபாலும் போகட்டும், நேரிலும் கொடுத்து முத்திரை வாங்குங்க, நகல் சமரச அலுவலருக்கு. 60 நாள் முடிகிற வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கு. இடையில் 20-வது நாள் வாக்கில் கோரிக்கைப் பட்டியல் கொடுத்திடணும். கோரிக்கை கொடுத்து, அவன் மறுத்தோ பதில் தராமலோ இருந்தால்தான் தகராறு இருக்குன்னு காட்ட முடியும்.

ஸ்ட்ரைக் நோட்டீஸை ஒப்பந்தம் முடிகிற நாளை ஒட்டிக் கொடுக்கலாம். கொடுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள் நிறுத்தக் கூடாது. அதே நோட்டீஸ் 60 நாளைக்குத்தான் செல்லும், அதுக்குள்ளே நிறுத்தலைன்னா காலாவதி, புதுசா கொடுக்கணும். இந்த 60 நாளை மறந்து பழைய நோட்டீஸை நம்பி இறங்கினால் வேலைநிறுத்தம் சட்டவிரோதம்.

நோட்டீஸ் கிடைத்ததும் சமரச அலுவலர் கூப்பிடுவார். முதல் அமர்வு நடந்த நாளில்தான் சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. தொடங்கிட்டா அது முடிந்து ஏழு நாள் ஆகிற வரை நிறுத்த முடியாது. ஸ்ட்ரைக் நோட்டீஸ் உள்ள தகராறில் அலுவலர் 14 நாளில் அறிக்கை தரணும்னு இருக்கு. தோல்வி அறிக்கை வந்த பிறகு எந்தத் தரப்பும் 90 நாளுக்குள் நேரா தீர்ப்பாயம் போகலாம். அரசு அனுப்பி வைக்கணும் என்கிற பழைய கட்டம் இல்லை.

உண்மையான சிக்கல் இந்தக் கடைசி வரியில் இருக்கு. "எந்தத் தரப்பும்" என்றால் நிர்வாகமும்தான். தோல்வி அறிக்கை கையில் வந்த மறுநாளே நிர்வாகம் தீர்ப்பாயத்தில் மனு போட்டுட்டா, வழக்கு முடிந்து 60 நாள் வரைக்கும் உங்க ஸ்ட்ரைக் கட்டிப்போட்ட மாதிரி. ஏழு நாள் முடியறதுக்குள்ளே அவங்க மனு எண் வாங்கிட்டா உங்களுக்கு ஒரு நாள் கூட ஜன்னல் திறக்காது.

மாஸ் சி.எல். பற்றி யாராவது சொல்றதுக்கு முன்னாடி: பாதிப் பேர் அல்லது அதுக்கு மேல் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்ட்ரைக்னு புதிய தொகுப்பு வெளிப்படையா எழுதிடுச்சு. நோட்டீஸ் இல்லாமல் பத்துப் பேரோ அதுக்கு மேலோ சேர்ந்து வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். சட்டவிரோத ஸ்ட்ரைக்குத் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 வரை அபராதம், ஒரு மாசம் வரை சிறை.

சட்டப்படியான ஸ்ட்ரைக் நடக்கும்போது புது ஆள் எடுத்து ஓட்டுவது நிர்வாகத்தோட நேர்மையற்ற தொழில் நடைமுறை. சட்டவிரோத ஸ்ட்ரைக் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, மறுநாளே வேனில் ஆள் இறக்குவான். நாள் கணக்கை இவ்வளவு பிடிவாதமா சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

ஃபோர்ஜ்ஷாப்_சி_ஷிப்ட்

அப்போ சட்டப்படி நிறுத்தவே முடியாதுன்னு சொல்றீங்க. சரி, ஓ.டி.யை விடுவோம். ஞாயிறு ஓ.டி. இல்லாமல் இந்த டெஸ்பாட்ச் ஓடாது. ஓ.டி.க்குத் தொழிலாளி சம்மதம் வேணும்னு புதிய சட்டத்திலேயே இருக்கு இல்லையா?

தண்டையார்பேட்டை_ரேம்ப்

இருக்கு தோழர், பணிப் பாதுகாப்புத் தொகுப்பில். ஆனால் "சங்க முடிவுப்படி ஓ.டி. கிடையாது" என்று போர்டில் எழுதிட்டா, அது கூட்டாக வேலை மறுப்பதுதான், நோட்டீஸ் இல்லாத ஸ்ட்ரைக்தான் என்று அவங்க வக்கீல் கிளம்புவார்.

இதில் அமெரிக்க விமானிகள் பட்ட பாடு தெரிஞ்சுக்க வேண்டியது. அங்கேயும் ரயில்வே தொழிலாளர் சட்டம் கிட்டத்தட்ட இதே மாதிரி கட்டிப்போடும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் சாகாது, மத்தியஸ்த வாரியம் விடுவித்து 30 நாள் ஆன பிறகுதான் நிறுத்தலாம். 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டமா உடம்பு சரியில்லைன்னு சொல்லி நிறுத்தினாங்க. கோர்ட் உத்தரவை மதிக்கலைன்னு சங்கத்துக்கு விழுந்தது 4.55 கோடி டாலர். 2001ல் டெல்டா விமானிகள் ஓ.டி. பறக்காமல் விட்டதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. தனி ஒருத்தர் வேண்டாம்னு சொல்லலாம், எல்லாரும் பேசி வைத்துச் சொல்லக் கூடாது, அதுதான் அங்கே விழுந்த கோடு.

சம்பளத்தை எப்படி மீட்டாங்கன்னும் பாருங்க. டெல்டா விமானிகள் 2004ல் 32.5 சதவீதம் விட்டுக்கொடுத்தாங்க, 2006ல் மேலும் 14. நூறு ரூபாய் 58 ஆச்சு. திரும்ப நூறு போக 72 சதவீதம் ஏறணும். அது வருஷக்கணக்கில் துண்டு துண்டா வந்தது. 2022 அக்டோபரில் வேலைநிறுத்தத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு எடுத்தாங்க, 99 சதவீதம் ஆதரவு. ஒரு நாள் கூட நிறுத்தலை. 2023 மார்ச்சில் ஒப்பந்தம்: கையெழுத்தில் 18, பிறகு 5, 4, 4. ஒண்ணு மேல ஒண்ணா பெருக்கினா 34 சதவீதம். போட்டிக் கம்பெனிகள் அதிகம் கொடுத்தால் அதுக்கு மேல் ஒரு சதவீதம் தானாக ஏறும்னு ஒரு வரியும் வாங்கினாங்க. வாக்கெடுப்புப் பெட்டி அவங்களுக்குச் செய்த வேலையை நாம இங்கே செய்துக்கலாம். ரகசிய வாக்கெடுப்புக்கு எந்த நோட்டீசும் தேவையில்லை.

கணக்கு_ராயபுரம்

அந்த 72 சதவீதக் கணக்கை நம்ம ஆளுங்க எல்லாருக்கும் காட்டணும். ரெண்டு தடவை வெட்டினால் கூட்டல் இல்லை, பெருக்கல்.

மணலி_யூனிட்_2

ஓ.டி. விஷயத்தில் நடைமுறையா: ஓ.டி. பட்டியல் ஒட்டும்போது ஒவ்வொருத்தரும் தன் கையெழுத்தில், தன் காரணத்தோடு மறுப்பு எழுதிக் கொடுக்கலாம். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பினா அதுவே கூட்டுச் செயலுக்குச் சாட்சி. சங்க லெட்டர்பேடில் ஒரு வரியும் வரக் கூடாது.

இன்னொண்ணு. நிதானமா ஓட்டுவது என்று இறங்காதீங்க. அது நிலையாணைப்படி தவறான நடத்தை, 1961லேயே உச்ச நீதிமன்றம் அதை மிகக் கடுமையாகப் பார்த்தது. எழுதி வைத்த செயல்முறைப்படி வேலை செய்வது அப்படி இல்லை. பிரஸ்ஸில் ரெண்டு கை பட்டனைக் கட்டிவைத்து ஒரு கையில் அடிப்பது, டை (பாகத்துக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றும்போது சேஃப்டி பிளாக் வைக்காமல் கை விடுவது, கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற லைட் கர்ட்டனை பைபாஸ் போடுவது, இதெல்லாம் எண்ணிக்கைக்காகச் செய்ற தப்பு. ஒரு டை மாற்றத்துக்குச் செயல்முறையில் 45 நிமிஷம் இருந்தால் 45 நிமிஷம்தான். நடைமுறையில் 25ல் முடிச்சிட்டு இருந்தாங்கன்னா, அந்த 20 நிமிஷம் யாரோட விரலை வைத்து மிச்சமாச்சுன்னு பேச்சுவார்த்தையில் கேக்கலாம். செயல்முறைத் தாள் மெஷின் பக்கத்திலேயே தொங்கட்டும், லாக் புக்கில் நேரம் எழுதுங்க.

ஹீட்ட்ரீட்_இன்சார்ஜ்

ஸ்ட்ரைக் என்கிற நிலை உண்மையிலேயே வந்தால், ஃபர்னஸ் விஷயத்தை ஸ்ட்ரைக் கமிட்டி முன்கூட்டியே எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கணும். இதை விட்டுட்டு வெளியே வந்தால் சேதத்துக்கு நம்ம மேல கேஸ், அதை விட மோசமா யாராவது செத்துப்போவாங்க.

எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் கார்பரைசிங் ஃபர்னஸ் 900 டிகிரிக்கு மேல ஓடிட்டு இருக்கும், உள்ளே எரியக்கூடிய வாயு. 760 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அந்த வாயு உள்ளே இருந்து, காற்றும் புகுந்தால் வெடிக்கும். ஆகவே வெப்பம் 760க்கு வர்றதுக்கு முன்னாடியே நைட்ரஜன் விட்டுக் கழுவணும், இல்லைன்னா முறைப்படி எரித்துத் தீர்க்கணும். அப்புறம் மெதுவா ஆறவிடணும், வேகமா ஆறினால் உள் செங்கல் விரிசல் விடும். உள்ளே இருக்கிற ட்ரேக்களை முழுசா வெளியே எடுத்த பிறகுதான் இறக்கணும். ஷிப்டுக்கு நாலு பேர், ரெண்டு எலக்ட்ரிஷியன், ஒரு காம்ப்ரெசர் ஆள் என்று பெயர் எழுதி, "இவர்கள் பாதுகாப்புப் பணிக்கு மட்டும் வருவார்கள், உற்பத்திக்கு அல்ல" என்று தேதி போட்டுக் கொடுங்க. கோர்ட்டில் நாளைக்கு நம்ம நல்லெண்ணத்துக்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

ஸ்டோர்ஸ்_டெஸ்பாட்ச்

நோட்டீஸ் போன அன்றே நிர்வாகம் ஸ்டாக் ஏற்றத் தொடங்கும். ஒரு நாளைக்கு 11 லோடு போன இடத்தில் 14 போகும், திருவள்ளூர் பக்கமோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ வாடகைக் குடோன் எடுப்பாங்க. கவனிக்க வேண்டியது பெட்டி எண்ணிக்கையை விட டை. டை பெரும்பாலும் வாடிக்கையாளர் சொத்து, டெலிவரி சலானில் "ரிப்பேருக்கு" என்று போட்டு வெளியே போனால் வேற இடத்தில் அடிக்கப் போறாங்கன்னு அர்த்தம். மூணு நாள் ஹேமர் நின்றால் கையெழுத்துப் போடுவான்னு தம்பி சொன்னது டை உள்ளே இருந்தால், வெளியே ஸ்டாக் இல்லாமல் இருந்தால் மட்டும்தான். டையைத் தடுக்கப் போகாதீங்க, அது வேற கேஸ் ஆகும். எத்தனை போச்சுன்னு தெரிஞ்சு வைத்தால் நாள் குறிக்க உதவும்.

ஃபோர்ஜ்ஷாப்_சி_ஷிப்ட்

இதை நான் யோசிக்கலை. ரெண்டு டை போன வாரம்தான் போச்சு, ரிப்பேர்னு சொன்னாங்க. விசாரிக்கிறேன்.

புளியந்தோப்பு_நூலகம்

கான்ட்ராக்ட் 600 பேரைப் பற்றி இதுவரைக்கும் ஒருத்தரும் பேசலை. 420 பேர் வெளியே நின்று 600 பேர் உள்ளே இருந்தால் ஹேமர் நிக்காது.

இதே வடசென்னையில் பார்த்த பாடம் இது. 27.4.1918ல் பெரம்பூர் பக்கம் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கினது, திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னே நின்றார்கள். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, நஷ்டஈடும் கேட்டு வாடியாவைக் கட்டிப்போட்டது. அந்த அடியின் தொடர்ச்சிதான் சங்கங்களுக்குச் சிவில் வழக்குப் பாதுகாப்பு தந்த 1926 சட்டம். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தை உடைத்தது கோர்ட் இல்லை. தொழிலாளி சாதியாகப் பிரிந்தான், ஒரு பகுதி வேலைக்குப் போனது, புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச்சூடும் நடந்தது, மாசக்கணக்கில் நின்ற போராட்டம் கையில் எதுவும் இல்லாமல் முடிந்தது.

இன்னைக்கு அந்தக் கோடு பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று இருக்கு. கோரிக்கைப் பட்டியலில் 600 பேருக்கும் குறைந்தது மூணு வரி இருக்கணும்: ஓ.டி.க்கு இரட்டிப்பு முழுசா, பி.எஃப். கட்டின ரசீது மாசாமாசம், ஒரே மெஷினில் ஒரே வேலைக்கு உள்ள கூலி வித்தியாசத்தைக் குறைக்க ஒரு அட்டவணை. முதன்மை உற்பத்தி வேலையில் கான்ட்ராக்ட் கூடாதுன்னு புதிய தொகுப்பில் பொது விதி இருக்கு, விலக்குகளும் இருக்கு. ஹேமர் ஓட்டுவது முதன்மை வேலை இல்லைன்னு யார் சொல்ல முடியும்? அந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்க.

எர்ணாவூர்_ஏ_ஷிப்ட்

ஒத்துக்கறேன் தோழர். நம்ம கமிட்டியிலேயே எதிர்ப்பு இருக்கும், "நம்ம வெட்டை வாங்கறதுக்கே வழியில்லை, அவங்களை ஏன் சேர்க்கணும்"னு. பேசிப் பார்க்கிறேன்.

பேச்சுவார்த்தைக்கு யார் போறது? பெரிய சங்கம் 260, அது 51 சதவீதத்துக்கு மேல்.

வழக்கு_மன்றம்_வடசென்னை

420ல் 260 என்றால் 61.9 சதவீதம். பெரிய சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். ஐம்பத்தொண்ணுக்குக் கீழே போனால்தான் 20 சதவீதத்துக்கு ஒரு இடம் வீதம் பேச்சுவார்த்தை கவுன்சில். கவனம்: 215க்குக் கீழே உறுப்பினர் குறைந்தால் நிலைமை மாறும். சந்தா ரசீதை இந்த மாசமே புதுப்பிங்க. சின்னச் சங்கத்துக்குச் சட்டப்படி இடம் இல்லாட்டியும், நிலுவை மனு அவங்க கையில் இருக்கிறதால் கூட்டுக் கமிட்டி போட்டு ரெண்டு பேரை உட்கார வையுங்க. தனியா விட்டால் நிர்வாகம் அவங்களோட தனியா பேசும்.

கணக்கு_ராயபுரம்

நிதி. மாசம் ஆளுக்கு 300 வீதம் 420 பேர் ஒரு வருஷம் போட்டால் 15,12,000. ஸ்ட்ரைக் நாளில் குடும்பத்துக்கு வாரம் 3,000 கொடுத்தால் வாரத்துக்கு 12,60,000. ஒரு வருஷச் சேமிப்பு எட்டு நாள் சொச்சம்தான் தாங்கும். மூணாவது வாரம் இ.எம்.ஐ. தவணை திரும்பும், அங்கேதான் உடையும். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அப்போ இறங்கவே கூடாது. கையில் போனஸ் வந்த பிறகு உள்ள ஆறு வாரம் கொஞ்சம் மூச்சு இருக்கும்.

இப்போ பஞ்சப்படி. முடக்கம் நீங்கும்போது நிர்வாகம் "இன்றைய புள்ளியில் இருந்து ஏறுவதைத் தருகிறோம்" என்று சொல்லும். அப்படி ஒத்துக்கிட்டால் ஜூன் 2020ல் இருந்து இன்னைக்கு வரை ஏறின புள்ளி மொத்தமும் காணாமல் போகும். கணக்குக்காகப் புள்ளிக்கு 3 ரூபாய், 400 புள்ளி இடைவெளின்னு வைங்க, மாசம் 1,200 நிரந்தரமா போச்சு.

இதில் ஒரு நுணுக்கம். முடக்கினபோது குறியீட்டெண் 2001ஐ அடிப்படையா வைத்த வரிசை. 2020 செப்டம்பரில் இருந்து 2016ஐ 100ஆ வைத்த புது வரிசை வந்தது. பழைய வரிசைக்கு மாற்ற இணைப்புக் காரணி உண்டு. அகில இந்தியாவுக்கு 2.88, ஆனால் ஒவ்வொரு நகரத்துக்கும் தனி. உங்க ஒப்பந்தம் சென்னை எண்ணைச் சொல்லுது என்றால் சென்னைக் காரணியைத்தான் பெருக்கணும். அகில இந்தியக் காரணியைப் போட்டு விட்டால் ஒவ்வொரு மாசமும் தப்பா ஓடும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அதுக்கும் முந்தின அடிப்படையில் ஃபார்முலா எழுதியிருந்தால் ரெண்டு தடவை பெருக்கணும். இணைப்பா ஒரு மாதிரிக் கணக்கு, எண்ணோட, ஒப்பந்தத்திலேயே ஒட்டுங்க.

கீழ் கிரேடில் பேசிக்கும் பஞ்சப்படியும் 18,700, மற்ற படி 2,000 என்று வாங்கறவங்களையும் பாருங்க. வெட்டு நீங்கினால் பேசிக்கும் பஞ்சப்படியும் மட்டுமே 22,000 ஆகி இ.எஸ்.ஐ. வரம்பு 21,000ஐத் தாண்டுவாங்க. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். காலத்தின் நடுவே தாண்டினால் அந்தக் காலம் முடிகிற வரை உண்டு. ஏப்ரல் 1ல் உயர்த்தாமல் ஏப்ரல் கடைசியில் உயர்த்தினால் செப்டம்பர் வரை அயனாவரம் ஆஸ்பத்திரி கைவிடாது. டயாலிசிஸ், பிரசவம்னு யாருக்கு என்ன இருக்குன்னு கணக்கெடுத்து, அதுக்குள்ளே குழு மருத்துவக் காப்பீடு கேளுங்க.

பெரம்பூர்_பழைய_செயலாளர்

வழிமுறையில் எனக்குத் தெளிவு இருக்கிறது. முடிவு நோட்டீசும் நிலுவை மனுவும் ஒரே வாரத்தில். அறுபது நாளுக்குள் கோரிக்கைப் பட்டியல், ரகசிய வாக்கெடுப்பு. ஸ்ட்ரைக் நோட்டீஸ் அதற்குப் பிறகு. பொதுச் சம்பள ஒப்பந்தத்தோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் வெட்டைத் திருப்பித் தருவதையே உயர்வு என்று காட்டுவார்கள், மூன்று வருஷ உயர்வு அதில் கரைந்து போகும்.

முழுத் தொகை உடனே வராது என்றால் படிப்படியாக ஒத்துக்கொள்ளலாம். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"வரும் ஏப்ரல் 25 முதல், மே 2020 சம்பளப் பட்டியலின்படியான பேசிக், பஞ்சப்படி ஆகியவற்றுக்கும் தற்போதைய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 சதவீதமும், அதன்பின் ஆறு மாதம் கழித்து 30 சதவீதமும், மேலும் ஆறு மாதம் கழித்து மீதி 30 சதவீதமும் பேசிக், பஞ்சப்படி ஆகிய அதே தலைப்புகளில் சேர்க்கப்படும். எந்த நிபந்தனையும் இதற்கு இல்லை. இந்தக் காலத்தில் ஓய்வு பெறுவோர், இறப்போர் ஆகியோருக்கு கிராஜுவிட்டியும் விடுப்புச் சம்பளமும் முழுச் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும்."

இதை 12(3) ஆகவே போடுங்கள், அலுவலர் முன்.

கணக்கு_ராயபுரம்

3,900 வித்தியாசம் உள்ளவருக்கு அந்தப் படிகள் 1,560, 1,170, 1,170. முதல் ஆறு மாசத்தில் கைக்கு வராதது 14,040, அடுத்த ஆறு மாசத்தில் 7,020. மொத்தம் 21,060. இதை ஒரே தவணை ரொக்கமா கேளுங்க, பி.எஃப். உட்பட. "இறப்போர்" சேர்த்தது சரி, "ராஜினாமா செய்வோர்"ஐயும் சேருங்க.

வழக்கு_மன்றம்_வடசென்னை

"பஞ்சப்படி" என்று மட்டும் விட்டால் முடக்கத்தோட நின்ற தொகைதான் அர்த்தமாகும். "முடக்கம் அன்றே நீங்கும், ஜூன் 2020 முதல் சென்னைக் குறியீட்டில் ஏறிய புள்ளிகள் இணைப்பு 2இன் கணக்குப்படி சேரும்" என்று தனி வரி போடுங்க. தேதியை எண்ணிலும் எழுத்திலும். நிலுவை மனுவை வாபஸ் வாங்கணும்னு நிர்வாகம் கேட்கும். கடைசித் தவணை கணக்கில் ஏறின பிறகு வாபஸ் என்று எழுதுங்க, கையெழுத்து அன்றைக்கு இல்லை.

எர்ணாவூர்_ஏ_ஷிப்ட்

எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டேன். முடிவு நோட்டீஸ் வரைவு இன்னைக்கு ராத்திரி ரெடி பண்றோம், ஞாயிறு காலை பொதுக்குழுவில் ரெண்டு சங்கத்தையும் கூப்பிட்டு வைக்கிறோம். டை சலான் நகல் கிடைச்சா இங்கேயே போடறேன்.